பின்சீட்டுக்கு மட்டும் கூண்டு

9-7-1939

மழை இல்லை. காலையெல்லாம் கேழ்வரகு புடைத்தேன். அவர் ஓசூரிலிருந்து மத்தியான ரயிலில் தர்மபுரி வந்து, அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்துப் பொழுது சாய்கிற நேரத்துக்குக் காரிமங்கலம் வந்து சேர்ந்தார். அந்த வண்டிக்குள் இன்னொரு வண்டி. சீமைக்குத் திரும்பிப் போகிற யாரோ ஒரு துரை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்களாம். மேஜை நாற்காலி எடுக்க ஆள் இருந்ததாம், இதை மட்டும் யாரும் கேட்கவில்லையாம். ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிற புத்தி இவருக்கு என்றைக்கு இருந்தது?

பிள்ளைகளை வைத்துத் தள்ளுகிற வண்டி. நாலு சக்கரம். ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு சீட்டு. பின்சீட்டு தொட்டில்போல நீளமாக இருக்கிறது, கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம். அதற்கு மேலே மடக்கி விரிக்கிற கறுப்புத் துணிக் கூண்டு. முன்சீட்டு உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு. அதற்குக் கூண்டு கிடையாது. பின்னால் தள்ளுவதற்கு நீளமாக ஒரு கம்பி.

"பெரியவ முன்னால, சின்னவன் பின்னால. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கம்பியப் புடிச்சிக்கிட்டு, சாயங்காலம் மலையடிவாரம் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றார். "மூத்தாளும் எளையாளும் ஒத்துமையா இருக்கறாங்கன்னு நாலு பேரு பாக்கட்டும்."

பெரியவள் என் மகள் ராமக்கா. மூன்றரை வயது. சின்னவன் மாதேஸ்வரன், ஐந்து மாதம், செல்லி பெற்றது. ராமக்காவுக்கு அடுத்து எனக்கு உண்டான கரு தங்கவில்லை. அதற்கு இவர் ஒரு வருஷம்கூடப் பொறுக்கவில்லை. போன வருஷம் தை மாதம் வத்தல்மலைக்குப் புளி வாங்கப் போனவர், செல்லியையும் வாங்கிக்கொண்டு வந்தார். அவளுக்கு அப்போது பதினேழு வயது.

ஒற்றுமையாம். புளி மண்டி குப்புராஜின் வீட்டில் ஒற்றுமை. வண்டியில் வைத்து ஊர்வலம் விட வேண்டியதுதான்.


11-7-1939

போய் வந்தோம். ஊரே வாசலுக்கு வந்தது.

நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். நான் வேகமாகத் தள்ளினால் வண்டி அவள் பக்கம் திரும்பிவிடுகிறது. அவள் தள்ளினால் என் பக்கம். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பதால் மெதுவாகப் போ என்று சொல்ல வழியில்லை. நேராக இருக்கிற தெருவில் பாம்பு மாதிரி போனோம்.

எண்ணெய்க்கடைக்காரி வழி மறித்துக்கொண்டு கேட்டாள். "ஏம்மா முனியம்மா, சந்தையில கால் வெளங்காத பிச்சக்காரனத்தான் இப்படி வண்டியில வச்சு இழுத்துக்கிட்டு வருவாங்க. கையுங் காலும் நல்லா இருக்கற புள்ளைங்களுக்கு இதென்ன கோலம்?"

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது. செல்லி சிரித்தாள். எதற்குச் சிரித்தாள்?

மேற்கு வெயில் முழுக்க ராமக்காவின் முகத்தில். கூண்டுக்குள் அவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தான்.


15-7-1939

ராமக்காவுக்கு மூக்குத் தோல் உரிகிறது. பையனுக்கு ஒன்றுமில்லை.


23-7-1939

என் பழைய சேலையைக் கிழித்து, இரண்டு மூங்கில் குச்சி நட்டு, முன்சீட்டுக்கு ஒரு பந்தல் கட்டினேன். தெருமுனை தாண்டுவதற்குள் சாய்ந்து பிள்ளையின் தலையிலேயே விழுந்தது. சரி, கூண்டை இன்றைக்கு முன்பக்கம் இழுத்துவிடு என்று செல்லியிடம் சொன்னேன். அவளோடு வாய் திறந்து பேசியது இந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"மாமா சொன்னாருங்க, கூண்டு பையனுக்குத்தான்னு."

மாமா. வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொல்லியும் வைத்தாள். அவர் என்னைக் கூப்பிட்டு, பொட்டப்பிள்ளை கறுத்தால் உலகம் கவிழ்ந்துவிடாது என்றார்.

மண்டியில் தராசு பிடிக்கிற காளியன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். "பின்சீட்டு சக்கரத்தத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்குதுங்க. முன்னால கனம் இருந்தாத்தான் நிக்கும். எறக்கறப்ப மொதல்ல சின்னவன எடுத்துருங்க, அப்பறம் பெரியவள எடுங்க. மாத்தி எடுத்தீங்கன்னா மல்லாந்துக்கும்."

ஆக, என் பெண்ணை எதற்கு முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. தராசில் புளி ஒரு தட்டு, எடைக்கல் ஒரு தட்டு. எடைக்கல்லுக்கு யார் குடை பிடிப்பார்கள்?


2-8-1939

கம்பைநல்லூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் காலியாம். எட்டாம் வகுப்புப் படித்து, சேலத்தில் இரண்டு வருஷம் டிரெயினிங்கும் முடித்தவள் நான். கல்யாணமானதும் வேலை வேண்டாம் என்று நிறுத்தியவர் இவர். மனு எழுதிப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் இவரிடம் சொன்னேன்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "போறதுன்னா போ. ராமக்கா இங்கதான் இருப்பா."

"அவ எம் பொண்ணு."

"எம் பொண்ணும்தான். அவ இல்லாம வண்டி எப்படி நிக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளை விட்டுவிட்டு நான் போகமாட்டேன் என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு அது.


5-9-1939

ஜெர்மனியோடு சண்டை வந்துவிட்டதாம். மண்டியில் எல்லாரும் அதையே பேசுகிறார்கள். இந்த வீட்டுக்குச் சண்டை வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.


19-9-1939

எழுதவேண்டும். எழுதினால்தான் எனக்கே தெரியும்.

சந்தை நாள். கூட்டத்துக்கு நடுவில் தள்ளிக்கொண்டு போனோம். வெயில் தீயாக இருந்தது. ராமக்கா, அம்மா நான் உள்ளே படுத்துக்கறேன், தம்பி வெளியே வரட்டும் என்று அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கூண்டை முன்னால் இழுத்துவிடு என்று மறுபடியும் கேட்டேன். கேட்டேன் என்ன, கெஞ்சினேன். செல்லி கூண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அழுவட்டுங்க, அழுதா ஒண்ணும் ஆவாது" என்றாள்.

நான் முன்னால் போய் ராமக்காவைத் தூக்கினேன். அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கு.

வண்டி மல்லாந்தது.

பையன் பின்பக்கமாகச் சரிந்து, தலை கருங்கல்லில் — அந்தச் சத்தம். வெங்காயக்காரன் போட்டிருந்த கல். முதலில் அழவில்லை. அதுதான். அழவே இல்லை. செல்லி அவனை எடுத்து உலுக்கினாள். காதுக்கு மேலே ரத்தம். அப்புறம் ரொம்ப நேரம் கழித்துத்தான் அழுதான். கம்பவுண்டர் நாலு தையல் போட்டார்.

காளியன் சொன்னது எனக்குத் தெரியாதா? தெரியும். இந்த நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். தூக்கும்போது ஞாபகம் இருந்ததா? இருந்தது என்று ஒரு தரம் தோன்றுகிறது. இல்லை என்று ஒரு தரம் தோன்றுகிறது. அவன் விழட்டும் என்று நினைத்தேனா? கூண்டு ஒழியட்டும் என்று நினைத்தேன். அது வரைக்கும் சத்தியம். அதற்கு மேல் தெரியவில்லை.


20-9-1939

காலையில் அவர் கூடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டார். "கொல்லணும்னே தூக்கினயா?"

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்கே நிச்சயமில்லை.

செல்லி உள்ளேயிருந்து வந்தாள். "அக்கா சொல்லிட்டுத்தாங்க தூக்கினாங்க. நாந்தான் கம்பியப் புடிக்காம வுட்டுட்டன்."

அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். இரண்டு அறை. எனக்கு வரவேண்டியது.

நான் ஒன்றும் சொல்லிவிட்டுத் தூக்கவில்லை. எல்லாம் பொய். மத்தியானம் கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். "யாருடி உன்னப் பொய் சொல்லச் சொன்னது?"

அவள் குடத்தை இறக்கி வைக்காமலே பதில் சொன்னாள். இதுவரை என்னிடம் ‘ங்க’ போடாமல் பேசினதில்லை. "உனக்காவ ஒண்ணும் சொல்லல. உன்னத் தொரத்திட்டா, அப்பறம் இந்த வூட்டுல அடி வாங்க நான் ஒருத்திதான் மிச்சம்."

தண்ணீரைச் சிந்திக்கொண்டே போனாள். இவளுக்கு நான் கடமைப்பட்டவளாகிவிட்டேன் என்பதைத்தான் பொறுக்கமுடியவில்லை. அடி வாங்கியிருந்தாலும் ஆறியிருக்கும்.


27-9-1939

தையல் பிரித்தார்கள். பையன் முலைப்பால் சரியாகக் குடிப்பதில்லையாம். நான் கேட்கவில்லை. அவள் காளியனிடம் சொன்னது காதில் விழுந்தது.


2-10-1939

வண்டியை மறுபடி வெளியே எடுக்கச் சொன்னார். நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் ஊர் பேசுவது உண்மை என்று ஆகிவிடுமாம். ராமக்கா ஏறமாட்டேன் என்றாள். காலை உதைத்துக்கொண்டு, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, இடுப்போடு சேர்த்துச் சீட்டில் கட்டினார். மூட்டைக்குப் போடுகிற முடிச்சு.

"இப்ப எந்த மூதேவியும் எடுக்கமுடியாது" என்றார்.

மலையடிவாரம் வரைக்கும் தள்ளினேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் பிடரியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். இந்த ஆளோடு இருந்தது போதும்.


17-10-1939

வேலை கொடுத்து உத்தரவு வந்து நாலு நாள் ஆகிறது. உத்தரவை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன்.

இன்றைக்குச் சந்தை. அவர் புளி மூட்டையோடு சேலம் போயிருக்கிறார். சந்தைக்கு வந்த கம்பைநல்லூர் வண்டிக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ராமக்கா. இவ்வளவுதான் கல்யாணம்.

வாசலில் செல்லி முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்துவாள், மண்டி ஆட்களைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். பெட்டியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "கதவ நான் சாத்திக்கறன்" என்றாள். வீடு மொத்தமும் கிடைத்த சந்தோஷம், வேறென்ன.

வண்டி நகர்ந்த பிறகும் காது பின்னாலேயே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.


30-10-1939

பதின்மூன்று நாள் கழித்து வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நான் எடுத்திருக்கிற ஒற்றை அறை வாசலில் நின்று, "ராமக்காவ அனுப்பு" என்றார்.

கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "கூட்டிக்கிட்டுப் போங்க. ஆனா அவளுக்குச் சோறு நீங்களே ஊட்டணும், உங்க கையாலயே குளிப்பாட்டணும். செல்லி தொடக்கூடாது. அவ தொட்டான்னு தெரிஞ்சா அங்க வந்து மண்டி முன்னாலயே உட்கார்ந்துக்குவன்."

அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் இடித்த புளி மாதிரி நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பொட்டப்புள்ளதான. வச்சிக்க."

போய்விட்டார். இந்த மூன்றரை வருஷமாக அந்த வார்த்தைக்காக எத்தனை நாள் அழுதிருக்கிறேன். இன்றைக்கு அது என் பெண்ணை என்னிடம் விட்டுவிட்டுப் போனது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன்.


8-11-1939

முதல் வகுப்புக்கு முப்பத்தொரு பிள்ளைகள். ராமக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறாள். மூக்கு ஆறிவிட்டது.


21-12-1939

மணி ஐந்து இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் தெருவில் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். என்னவென்று பார்த்தால், வண்டி.

செல்லி தனியாகத் தள்ளிக்கொண்டு வருகிறாள். கூண்டு விரித்திருக்கிறது, உள்ளே பையன். முன்சீட்டில் அம்மிக்குழவி. கவிழாமலிருக்க அதை வைத்து, கிழிசல் சேலையால் கட்டியிருக்கிறாள். காரிமங்கலத்திலிருந்து பன்னிரண்டு மைல். குதிகால் இரண்டும் வெடித்து மண் அப்பியிருந்தது.

நான் வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஏரியூர்ல பொண்ணு பாத்திருக்காரு. தையில கல்யாணம்" என்றாள்.

"அதுக்கு இங்க எதுக்கு வந்த? மலைக்குப் போறதுதான உங்க அண்ணங்கிட்ட?"

"போனன். எங்கண்ணன் வேணாங்கறான். மாமா குடுத்த ஏர்மாட்ட எவன் திருப்பிக் குடுக்கறதுன்னு கேக்கறான்."

"பையன் இருக்கானே, அப்பறம் எதுக்கு இன்னொருத்தி?"

அவள் கூண்டை மடக்கினாள். பையன் முன்னைவிட மெலிந்திருந்தான். "இவனுக்கு வலிப்பு வருது. தீவாளி கழிச்சு மூணு தரம் வந்துருச்சு. வலிப்பு வர்ற புள்ள மண்டிய எப்படி ஆளும், எனக்கு நல்லதா ஒண்ணு வேணும்ங்கறாரு."

காதுக்கு மேலே நாலு தையலின் தழும்பு. முடி முளைக்கவில்லை அங்கே.

உன்னால்தான் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், கதவைச் சாத்தியிருப்பேன். சொல்லவில்லை. குதிகாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராமக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "தம்பி வந்துட்டான்" என்றாள்.

இரண்டு நாள்தான், அப்புறம் வழியைப் பார்த்துக்கொள்ளணும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அவள் என் பாயில் தூங்குகிறாள்.


24-12-1939

இரண்டு நாள் முடிந்தது. இன்னும் இருக்கிறாள்.


6-3-1940

குழம்பில் உப்பைக் கொட்டி வைத்திருக்கிறாள். கேட்டால், மலையில் இப்படித்தான் சாப்பிடுவோம் என்கிறாள். மலைக்கே போய்ச் சாப்பிடு என்றேன். இரண்டு வேளை பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

கடலைக்காய் உரிக்கக் கூலிக்குப் போகிறாள். அவள் போகிற நாளில் பையன் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். இரண்டையும் வைத்து நான் ஒருத்திதான் தள்ளுகிறேன். ஒருத்தி தள்ளினால் வண்டி நேராகப் போகிறது.

இன்றைக்குத் தெருவிலேயே பையனுக்கு வலிப்பு வந்தது. கை இழுத்துக்கொண்டது, கண் செருகியது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நிற்கும் வரைக்கும் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்திருந்தேன். நின்ற பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செல்லி வந்ததும் சொன்னேன். மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"எத்தன நேரம்?" என்றாள்.

"நூறு எண்ணற வரைக்கும்."

"போன தடவ எரநூறு" என்றாள். அப்புறம் சோற்றைப் போட்டாள். உப்பு இல்லை. வேண்டுமென்றே.


13-1-1941

காளியன் சந்தைக்கு வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். ஏரியூர்க்காரிக்குப் பெண் குழந்தையாம். நானும் செல்லியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள். பாவம் அந்தப் பெண், சிரிக்கக் கூடாதுதான். சிரித்தோம்.


2-6-1942

மாதேஸ்வரனைப் பள்ளிக்கூடத்தில் என் காலடியில் உட்கார வைத்துக்கொள்கிறேன். ‘அ’ எழுதுகிறான். இடது கையால். வலிப்பு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதம் என்று எழுதக்கூடாது, கண் பட்டுவிடும். எழுதிவிட்டேன்.

வண்டியின் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. செல்லி அதில் கோழிக்குஞ்சுகளை அடைக்கிறாள். கூண்டு நல்லதாய்ப் போயிற்று என்கிறாள்.


17-6-1944

சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் கார்டு போடுகிறார்கள். கர்ணம் வீடு வீடாக வந்து ஆள் கணக்கு எடுத்தார். ஒரு ஆள் கூடினால் அரைப்படி கூடுதலாகக் கிடைக்கும், அதனால் நாலு பேரையும் சொன்னேன். முனியம்மாள், உபாத்தியாயினி. ராமக்கா, மகள். மாதேஸ்வரன், மகன். இதை எழுதும்போது அவர் தலையைத் தூக்கவில்லை. செல்லி என்றேன்.

"என்ன உறவுங்க?" என்றார்.

செல்லி அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"எங்க வீட்டுக்காரரோட சம்சாரம்னு எழுதிக்கங்க" என்றேன். "அதுதான் உண்மை."

கர்ணம் என்னைப் பார்த்தார், அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார், பேனாவை மைக்கூட்டில் தோய்த்து ஏதோ எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். தங்கை என்று எழுதியிருந்தது. நான் திருத்தச் சொல்லவில்லை.